அங்க மாம்பழம், இங்க பனி

ஏலே பேராண்டி, எழுத்தாளனாகப் போறேங்கே. நல்லது. ஊருக்கு ஒருத்தனாவது எழுதணும். இல்லேன்னா நாங்க இத்தன வருஷமாப் பேசுன பொய்யெல்லாம் வீணாப் போயிரும்.

ஆனா நீ சொல்லுத காரணத்தக் கேட்டாத்தான் சிரிப்பு வருது. மஸ்கட்ல பிறந்தேன், சிங்கப்பூர்ல படிச்சேன், டப்ளின்ல வேலை பாத்தேன், அதனால கதை எழுதப் போறேங்கே. இது என்னலே காரணம்? அந்தக் கணக்குக்கு உன் பெட்டியில்லா மொதல்ல எழுதணும்? நீ போன ஊருக்கெல்லாம் அதுவுந்தானே வந்துச்சு?

இவரு யாரு நம்மளக் கேக்கதுக்குன்னு நெனைப்பே. நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்துல சாவிக்கொத்தும் ரப்பர் ஸ்டாம்புமாக் காலத்த ஓட்டினவன். சம்பளம் கம்மி. ஃபேன் ஓடாது. படிக்க ஆளும் வராது. பெறகென்ன செய்ய? நானே எல்லாத்தையும் படிச்சேன். வெத்தலைக்குச் சுண்ணாம்பு எவ்வளவுங்கிறதும் தெரியும், நோபல் பரிசு யாருக்குக் குடுத்தாங்கிறதும் தெரியும். ரெண்டுல மொதலாவதுதான் தெனமும் உபயோகப்படுது.

உன் இன்ஸ்டாகிராம எம் பேத்தி காட்டினா. பேருக்குக் கீழ நாலு நாட்டுக் கொடி. ‘உலகக் குடிமகன். எழுத்தாளன். வேர்களைத் தேடும் பறவை.’ ஏலே, பறவைக்கு எங்கலே வேரு? எத்தன கதை எழுதியிருக்கேன்னு கேட்டா, ‘தாத்தா, இன்னும் என் குரலத் தேடிக்கிட்டிருக்கேன்’ங்கே. தொண்டையில இருக்கிறத நாலு நாட்டுல போய்த் தேடுனா எப்படிக் கெடைக்கும்?

ஊரு விட்டு ஊரு போறது என்னமோ உன் காலத்துல கண்டுபிடிச்ச சங்கதி மாதிரிப் பேசுதே. கரிசக்காட்டுல மழை பொய்ச்சா கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் எத்தன பேரு? வட்டிக்கடையில கணக்கெழுத ரங்கூன், பினாங்கு, மெடான்னு கப்பலேறுனவன் எத்தன பேரு? திரும்பி வரும்போது ஒரு தகரப் பெட்டி, ரெண்டு கைலி, ஒரு குடை. சலூன் பெஞ்சுல உக்காந்து நாள் முழுக்கக் கதை சொல்லுவான். அடையாளச் சிக்கல்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கல. சிக்கல் இல்லாமலா இருந்துச்சு? அங்க ஒரு குடும்பம், இங்க ஒரு குடும்பம்னு வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் பதில் சொன்னவன் இருக்கான். அவனுக்கு இல்லாத சிக்கலா உனக்கு?

அப்படிக் கப்பலேறுனவர்ல ஒருத்தருதான் ப. சிங்காரம். சிங்கம்புணரிக்காரரு. 1938ல மெடானுக்கு வேலைக்குப் போனாரு. இந்தோனேசியா. அங்க இருக்கும்போதே யுத்தம் வந்துச்சு, ஜப்பான்காரன் வந்தான். எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு 1946ல ஊரு திரும்பினாரு. மதுரையில தினத்தந்தியில வேலை. எழுதுனது ரெண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ பினாங்குல நடக்கிற கதை. அதுல பெரிசா என்ன இருக்கு? ஒரு வட்டிக்கடை முதலாளி. அவருகிட்ட வேலை பாத்த பய யுத்தத்துல பட்டாளத்துக்குப் போயிட்டு வாரான். துப்பாக்கி பிடிச்ச கைக்குப் பேரேடு பிடிக்க வராது, மகளக் குடுக்க முடியாதுன்னுட்டாரு முதலாளி. அம்புட்டுதான். ஆனா படிச்சா அந்தக் கடையில நாமளே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். யாரு எங்க உக்காருவான், யாரு யாரப் பாத்து எந்திரிப்பான், கொடுக்கல் வாங்கல்ல எந்த மொகத்துக்கு என்ன பேச்சு, எல்லாம் இருக்கும். ‘புயலிலே ஒரு தோணி’ புத்தகமா வந்தது 1972ல. 1997ல மனுசன் போய்ச் சேந்தாரு. ‘பல பண்பாட்டில் வாழ்ந்தவன்’னு ஒரு நாளாவது பனியன்ல அச்சடிச்சுப் போட்டுக்கிட்டாரா?

சரி, கடல் தாண்டினாத்தான் கதை வருமா? அதுக்கும் எங்க பக்கத்துலயே பதில் இருக்கு.

கோவில்பட்டிக்குத் தெக்க இடைசெவல்னு ஒரு ஊரு. நூறு வருஷத்துக்கு முன்னால அங்க ரெண்டு பிள்ளைக பிறந்துச்சு. ரெண்டு வீட்டுலயும் பேச்சு தெலுங்கு, தெருவுல பேச்சு தமிழ். ரெண்டு பேரும் சேக்காளிக. ஒருத்தரு கு. அழகிரிசாமி. சென்னைக்குப் போனாரு, 1950கள்ல கோலாலம்பூருக்குப் போயி ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில ஆசிரியரா இருந்தாரு. இன்னொருத்தரு கி. ராஜநாராயணன். அவரு ஊர்லயே இருந்து வெவசாயம் பாத்தாரு. ஏறு, மாடு, மழைக்கு அண்ணாந்து பாக்கிறதுன்னு இருந்தவரு. புதுச்சேரிப் பக்கம் போனதெல்லாம் வயசான பெறகு.

யாருலே பெரிய எழுத்தாளரு? ரெண்டு பேருந்தான். ரெண்டு பேருக்கும் சாகித்திய அகாதமி விருது. ஒருத்தருக்கு 1970ல, செத்த பெறகு. இன்னொருத்தருக்கு 1991ல. கடலத் தாண்டினவருக்கும் குடுத்தான், கடலத் தாண்டாதவருக்கும் குடுத்தான். அப்ப கதை கப்பல்ல இருந்தா வந்துச்சு?

அழகிரிசாமி பேரச் சொன்ன உடனே ஜனங்க எந்தக் கதையச் சொல்லுதாங்க? ‘ராஜா வந்திருந்தார்’. அதுல விமானம் இல்ல, விசா இல்ல. தீபாவளிக்கு மொத நாளு. பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வாராரு. பக்கத்து ஏழை வீட்டுக்கு ஒரு அனாதப் பய வாரான், ஒடம்பெல்லாம் சொறி. அவன் பேரும் ராஜா. அந்த வீட்டுக்காரி தன் பிள்ளைகளோட அவனையும் உக்கார வச்சு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுதா. தகப்பனுக்கு வச்சிருந்த துண்டை எடுத்து அவனுக்குக் கட்டி விடுதா. விடிஞ்சதும் அந்த வீட்டுப் பிள்ளைக நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொல்லுதுக, எங்க வீட்டுக்கும் ராஜா வந்திருக்காருன்னு. ஏலே, இதைப் படிச்சுட்டுத் தொண்டை அடைக்காதவன் யாரு? இதுக்கு எந்த நாட்டு முத்திரை பாஸ்போர்ட்ல வேணும்?

கி.ரா. மட்டும் என்ன, ஒரே பண்பாட்டுலயா இருந்தாரு? அவரு முன்னோருக ஆந்திரத்துலருந்து தெக்க எறங்கி வந்தவங்க. வந்த கதைய ‘கோபல்ல கிராமம்’னு எழுதுனாரு. வீட்டுக்குள்ள ஒரு பாஷை, வாசப்படிக்கு வெளிய ஒரு பாஷை. வாசப்படியத் தாண்டினாலே அந்த மனுசனுக்கு வெளிநாடு. நீ ஏழு கடல் தாண்டியும் ஏர்போர்ட்டத்தான் பாத்திருக்கே.

கோவிச்சுக்காத. ஒரு கேள்வி கேக்கேன். டப்ளின்ல இருந்தியே, அங்க யாரு கூடப் பழகுனே? வாரக் கடைசியில பிரியாணி கிண்டினே. யாரு கூட? நம்ம பயலுக கூட. பொங்கலுக்கு வேட்டி கட்டி போட்டோ எடுத்தே. யாரு கூட? நம்ம பயலுக கூட. சினிமா பாத்தே. எந்த சினிமா? நம்ம சினிமா. பக்கத்து வீட்டு ஐரிஷ் கெழவிக்குப் பிள்ளைக எத்தன, எழவு வீட்டுல அவுக என்ன பேசிக்கிடுதாக, வாடகை பாக்கி இருந்தா வீட்டுக்காரன் சண்டை போடுவானா, சிரிச்சுக்கிட்டே கேப்பானா, ஏதாவது தெரியுமா? தெரியாது. அப்ப நீ அந்த ஊர்ல வாழ்ந்தியா, இல்ல அந்த ஊரு குளிர்ல நம்ம ஊரு வாழ்க்கைய வாழ்ந்தியா? அகல உழுகிறத விட ஆழ உழுன்னு சொன்னவன் வெவசாயத்துக்கு மட்டுமா சொன்னான்?

இதுல உன் யாவாரத் தந்திரம் ஒண்ணு இருக்கு. நான் கவனிக்காம இல்ல. நீ இங்கிலீஷ்ல எழுதி அங்க அனுப்புன கதையில மாம்பழம் இருக்கு, மல்லிகப்பூ இருக்கு, பாட்டி இருக்கா. பாட்டி பக்கத்துக்கு ஒரு தடவ ஞானம் பேசுதா. எந்தப் பாட்டிலே அப்படிப் பேசுதா? எங்க வீட்டுப் பாட்டி மூட்டுவலியும் மருமகளும் தவிர வேற எதையும் பேச மாட்டா. அதே நீ தமிழ்ல எழுதி இங்க அனுப்புன கதையில பனி பெய்யுது, ரயில் போவுது, ஒருத்தன் காப்பிக் கோப்பையோட ஜன்னல் பக்கம் தனியா நிக்கான். அங்க உள்ளவனுக்கு மாம்பழம் விக்கே, இங்க உள்ளவனுக்குப் பனி விக்கே. ரெண்டு ஊருலயும் பொழுது விடிஞ்சா ஆளுக பல்லு வெளக்கி வேலைக்குப் போறான் பாரு, அவன எங்கயுமே காணோம். அவனுக்குத்தாம்லே கதை இருக்கு.

ரெண்டு ஊரு பாத்தவனுக்கு ஒண்ணுமே லாபம் இல்லேன்னு சொல்லல. உள்ளூர்லயே கெடக்கிறவனுக்குக் கண்ணுல படாத சங்கதி உனக்குப் படும். நாங்க தெனமும் மிதிச்சுப் போற வாசப்படிய நீ நின்னு பாப்பே. ஆனா நின்னு பாத்தாத்தான் லாபம். செல்ஃபி எடுத்துட்டுப் போனா என்ன லாபம்?

வி. எஸ். நைபால்னு ஒருத்தரு. டிரினிடாட்ல பிறந்தவரு. தாத்தா காலத்துல நம்ம நாட்டுலருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போன வம்சம். ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சுட்டு லண்டன்ல பிபிசியில சில்லறை வேலை பாத்தாரு. கையில காசு இல்ல, நெரந்தர வேலை இல்ல. அங்க மைக் முன்னால வாசிக்கதுக்குன்னு சரசரன்னு சத்தம் போடாத ஒரு தாளு வச்சிருப்பாங்க. அந்தத் தாள டைப்ரைட்டர்ல சொருகி எழுத ஆரம்பிச்சாரு. எதப் பத்தி? லண்டன் பனியப் பத்தியா? இல்ல. சின்ன வயசுல குடியிருந்த போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவப் பத்தி. பக்கத்து வீட்டுக்காரன், எதுத்த வீட்டுக்காரன், வம்பு பேசுதவன். அதான் ‘மிகேல் ஸ்ட்ரீட்’, 1959ல வந்துச்சு. அதுல ஒரு தச்சன் வாரான். எப்பப் பாத்தாலும் இழைப்பான், தட்டுவான். என்னய்யா செய்யுதேன்னு கேட்டா, பேரில்லாத ஒரு சாமான் செய்யுதேம்பான். அந்தப் பேரில்லாத சாமான மட்டும் செஞ்சு முடிக்கவே மாட்டான். படிக்கும்போது எனக்கு உன் ஞாபகந்தான் வந்துச்சு.

நைபாலுக்கு நோபல் வந்தது 2001ல. தெருவ விட்டுத் தூரமாப் போனதால அவருக்குத் தெரு தெளிவாத் தெரிஞ்சுது. ஆனா மொதல்ல அந்தத் தெருவுல இருந்தாரு, காதத் தெறந்து வச்சுக்கிட்டு இருந்தாரு. அது முக்கியம்.

ஜோசப் கான்ராடுன்னு இன்னொருத்தரு. போலந்துக்காரரு. இருபது வயசு வரைக்கும் இங்கிலீஷ் வராது. கப்பல்ல கூலி வேலையில சேந்து, பரீட்சை எழுதி, கப்பலையே நடத்தத் தகுதி வாங்குனவரு. மொத நாவல 1889ல ஆரம்பிச்சாரு. கையெழுத்துப் பிரதியத் தூக்கிக்கிட்டே காங்கோ வரைக்கும் போனாரு. காய்ச்சல் வந்துச்சு, நாவல் நகரல. அப்புறம் வேற ஒரு கப்பல்ல வேலை பாக்கும்போது, பிரயாணியா வந்த ஒரு படிச்ச வாலிபன்கிட்ட அதக் குடுத்து, இதை முடிக்கிறது பிரயோசனமான்னு கேட்டாரு. அவன் படிச்சுட்டு, நிச்சயம்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போனான். 1895ல புத்தகம் வந்துச்சு. ஆறு வருஷம்! நீ ஆறு நாள்ல மூணு பக்கம் எழுதிட்டு, எழுத்து வறண்டு போச்சு, கோவாவுக்குப் போனாத்தான் ஊறும்ங்கே. கோவாவுல ஊறுறது வேறலே.

வொர்க்‌ஷாப்புக்குப் போறேன், அமெரிக்காவுல பட்டம் வாங்கப் போறேங்கே. போ. தடுக்கல. அயோவாவுல 1936லருந்து எழுத்துக்குன்னே பள்ளிக்கூடம் நடத்துதான். நல்லவங்க படிச்சு வந்திருக்காங்க. உக்காந்து எழுத நேரம் குடுப்பான், உன் எழுத்தப் படிக்கப் பத்துப் பேரக் குடுப்பான். ஆனா சொல்லுததுக்கு விசயம் எவனும் குடுக்க மாட்டான். அது உன் மடியில இருக்கணும். கடன் வாங்கிப் போயி, அந்தக் கடன அடைக்க வேலைக்குப் போயி, வேலைக்குப் போறதால எழுத நேரமில்லேன்னு அழுதா, அதுக்கு இப்பவே இங்கயே அழலாமே? டிக்கெட் காசாவது மிஞ்சும்.

இப்ப காசு சங்கதிக்கு வருவோம். நீ கூச்சப்படுவே, நான் பட மாட்டேன். தமிழ்ல ஒரு புத்தகம் போடுதேன்னு வச்சுக்கோ. வெலை 250 ரூவா. ஒழுங்காக் குடுக்கிற பதிப்பாளன்னா பத்து சதவீதம் ராயல்டி. புத்தகத்துக்கு 25 ரூவா. முன்னூறு புத்தகம் வித்தா 7,500 ரூவா. ரெண்டு வருஷம் ராக்கண் முழிச்சதுக்குக் கூலி. இதுல சேக்காளிகளுக்கு ஓசியில குடுத்தது, வெளியீட்டு விழாவுக்குப் போட்ட பட்டுச் சால்வை, விழாவுக்கு வந்த கூட்டத்துக்கு வாங்குன காப்பி வடை, எல்லாத்தையும் கழிச்சுக்கோ. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்கும் மிஞ்சாது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில கூட்டம் அலமோதுதேன்னு சொல்லுவே. அலமோதும். பாதிக் கூட்டம் டெல்லி அப்பளக் கடையில நிக்கும்.

அதனால வேலைய விட்டுராத. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா, ஒரு கையில மீசைய ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் கூழக் குடிக்கணும். அ. முத்துலிங்கம் அப்படித்தான் குடிச்சாரு. யாழ்ப்பாணம் கொக்குவில்காரரு, படிப்பு கணக்கு. ‘அக்கா’ன்னு மொதத் தொகுப்பு 1964ல வந்துச்சு. பெறகு ஆப்பிரிக்கா, பாகிஸ்தான்னு உத்தியோகம், ஐ.நா. வேலை. அடுத்த தொகுப்பு வர முப்பது வருஷம் ஆச்சு. வந்த பெறகு பாரு, சியரா லியோன்காரன் வாரான், ஆப்கான்காரன் வாரான், கனடாவுல பக்கத்து வீட்டுக்காரன் வாரான். எல்லாரும் ரத்தமும் சதையுமா வாரான். முப்பது வருஷமும் மனுசன் சும்மா இருக்கல, பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஷோபாசக்தியப் பாரு. அகதியாப் போயி பிரான்ஸ்ல ஓட்டல்ல தட்டுக் கழுவுனாரு. தட்டுக் கழுவுன கையாலயே ‘கொரில்லா’ நாவல எழுதுனாரு. அவரு நடிச்ச ‘தீபன்’ படத்துக்கு 2015ல கான் திரைப்பட விழாவுல தங்கப் பனை விருது குடுத்தான். அவரு நாடு விட்டுப் போயி வாழ்ந்தது ஆசைப்பட்டு இல்ல, வேற வழி இல்லாம. அந்த மாதிரி ஆளுக முன்னால நின்னுக்கிட்டு, ‘நானும் புலம்பெயர்ந்தவன்’னு நீ சொல்லாத. நீ ஜன்னல் சீட் கேட்டு வாங்கிப் போனவன்.

இனி என்ன செய்யணும்னு கேக்கே. சொல்லுதேன், ஃபீஸ் வேண்டாம்.

நீ இருந்த ஊர்கள்ல ஒண்ண எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு. அதுல ஒரு தெரு. அதுல ஒரு வீடு. அந்த வீட்டுல யாரு சம்பாதிக்கா, யாரு செலவழிக்கா, யாரு வாயத் தெறந்தா மத்தவன் வாய மூடுதான், இத எழுது. மஸ்கட்ல உங்க அம்மா மாசக் கடைசியில எதச் சுருக்கிச் செலவு பண்ணா? உங்க அப்பன் அரபி முதலாளிகிட்ட போன்ல பேசும்போது ஒரு குரலு, அம்மாகிட்ட பேசும்போது ஒரு குரலு இருந்திருக்குமே, அது உன் காதுல விழுந்திருக்குமே? ஊருக்கு வரும்போது சென்ட்டு பாட்டில எண்ணி எண்ணிப் பெட்டியில வச்சாங்களே, யாருக்கு, யாருக்கு இல்ல? இல்லாதவன் வந்து நின்னப்ப என்ன ஆச்சு? இதுல ஒரு நாவலே கெடக்குலே. இத விட்டுட்டு வேரைத் தேடுத பறவைங்கே.

எழுதுனத வாய் விட்டு வாசி. நாக்கு எங்க தடுக்குதோ அங்க பொய் இருக்கு. சாம்பாருன்னா என்னன்னு வெள்ளைக்காரனுக்கு வெளக்காத. அவன் அவன் சாப்பாட்ட உனக்கு வெளக்கினானா? நாமதானே அகராதி பாத்துப் படிச்சோம், அவனும் பாக்கட்டும். எந்தப் பாஷையில எழுதணும்னு மண்டையப் போட்டு ஒடைக்காத. எந்தப் பாஷையில உனக்குச் சண்டை போட வருமோ அந்தப் பாஷையில எழுது. ஜும்பா லஹிரின்னு ஒருத்தி, இங்கிலீஷ்ல எழுதி புலிட்சர் பரிசு வாங்குன பெறகு ரோமுக்குக் குடி போயி, வருஷக்கணக்காப் படிச்ச இத்தாலிய பாஷையில புத்தகம் எழுதுனா. துணிச்சக்காரி. ஆனா அவ மொதல்ல ஒரு பாஷையில நின்னு காட்டிட்டுத்தான் அடுத்ததுல கால வச்சா.

கொடிய எடுத்துரு. பறவைய எறக்கிரு. ‘எழுத்தாளன்’ங்கிறத இப்பத்திக்கு அழிச்சுரு. அத நீ போடக் கூடாது, படிச்சவன் சொல்லணும்.

எழுதி முடிச்சதும் கொண்டு வா. நல்லா இல்லேன்னா மொகத்துக்கு நேரச் சொல்லிருவேன். நல்லா இருந்தா ஓசியில கேக்க மாட்டேன், 250 ரூவா குடுத்து வாங்கிப் படிப்பேன். தமிழ்நாட்டுல ஒரு எழுத்தாளனுக்கு இத விடப் பெரிய விருது இன்னும் யாரும் குடுக்கலலே.